முதல் மோட்டார்சைக்கிள்: 153 செ.மீ. உயரம், தினமும் பினாங்குப் பாலம். எது சரிப்படும்?

பிறை_கயல் கேட்டது:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பி2 (சிறு மோட்டார்சைக்கிள்) லைசென்ஸ் இப்போதுதான் கிடைத்தது, இனிமேல்தான் புது ஓட்டுநருக்கான 'பி' ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டணும். வீடு பெருநிலத்தில் செபராங் ஜெயா, வேலை பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. பாலத்தைத் தாண்டிப் போக வர ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் வரும். ஷிப்ட் மாறும், அதனால் ராத்திரி ஓட்டமும் உண்டு. உயரம் 153, எடை 48 கிலோ. கையில் பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது, கடன் போட விருப்பமில்லை.

மனசில் இருப்பவை ஹோண்டா வேவ், யமஹா ஒய்15, ஹோண்டா வேரியோ 160 ஸ்கூட்டர். யமஹா எம்டி-15 மேல் ஆசைதான், ஆனால் சீட் உயரமாகத் தெரிகிறது. வீட்டில் "பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்கூட்டர் போதும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஸ்கூட்டர்தான் சரி என்றால் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் எதனால் சரி என்று தெரியணும். சீட் உயரத்தை எப்படிப் பார்ப்பது, கியரா ஆட்டோவா, பாலத்துக் காற்றுக்கு எது தாங்கும், புதுசா பழசா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பட்டர்வொர்த்_அக்கா:

கயல், கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கம்மா. செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். தடிமனான புத்தகம் ஒன்றை இரண்டு காலுக்கும் நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அந்த அளவுக்கு மேலே ஏற்றிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்கணும். உங்கள் உயரத்துக்கு 69, 70 செ.மீ. வரலாம். மோட்டார் ஓட்டுபவருக்கு 153 என்பதை விட இந்த எண்தான் முக்கியம்.

அடுத்தது சீட் உயரம். வேவ் 769 மி.மீ., வேரியோ 160 778, ஒய்15 கிட்டத்தட்ட 780, எம்டி-15 810. யமஹா என்மேக்ஸ் ஸ்கூட்டர் 765தான். எண்ணை மட்டும் பார்த்தால் என்மேக்ஸ்தான் எல்லாவற்றிலும் தாழ்வு. ஆனால் உட்கார்ந்து பாருங்கள், வேவில்தான் கால் நன்றாக எட்டும். என்மேக்ஸின் சீட் அகலம், நடுவில் மேடு வேறு. தொடை விரிந்துபோவதால் காலின் நீளம் பக்கவாட்டில் செலவாகிவிடும். வேவுக்கு இடுப்பு ஒடுக்கம், கால் நேராகக் கீழே இறங்கும். அதனால் இணையத்தில் சீட் உயரப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆள் ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கி மோட்டார் தாழும். 75 கிலோ ஆளுக்குத் தாழ்வதுபோல் 48 கிலோவுக்குத் தாழாது. உங்கள் உயரமே உள்ள ஒருவர் "எனக்கு எட்டுது" என்றாலும் அவருடைய எடையையும் கேளுங்கள். பின் ஷாக்கைத் திருப்பி மாற்றும் வசதி இருந்தால், மிக மென்மையான நிலையில் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படியணும் என்று கட்டாயமில்லை. இரண்டு காலிலும் முன்பாதம் (விரலும் அதன் பின்னால் உள்ள மேடும்) அழுந்தினாலே போதும். இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு பாதத்தை முழுசாக ஊன்றியும் நிற்கலாம். விரல் நுனி மட்டும் படுகிறது என்றால் அந்த மோட்டார் முதல் வருடத்துக்கு வேண்டாம். நம் சாலைகள் தண்ணீர் வடிவதற்காக நடுவில் மேடாகவும் இடது ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். கடைக்குள் சமதரையில் எட்டுகிற இடது கால், சாலை ஓரத்தில் நிறுத்தும்போது இரண்டு மூன்று சென்டிமீட்டர் எட்டாமல் போகும். நின்ற இடத்திலேயே விழும் விழுகைகள் பலவும் இப்படித்தான்.

கடையில் எஞ்சினை அணைத்துவிட்டு, மோட்டாரின் இடப்பக்கம் நின்று ஐந்து மீட்டர் முன்னால் தள்ளுங்கள், ஐந்து மீட்டர் பின்னால் இழுங்கள், பிறகு நடு ஸ்டாண்டு போடுங்கள். ஸ்டாண்டை வலது காலால் மிதித்து, முழு எடையையும் அந்தக் காலில் ஏற்றணும். கை வழிகாட்டினால் போதும், கையால் தூக்கப் பார்த்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். வேவ் நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஒய்15 117, என்மேக்ஸ் 131. தொழிற்சாலை பார்க்கிங்கில் நெருக்கி அடுக்கியிருக்கும் வண்டிகளுக்கு நடுவிலிருந்து, ராத்திரி ஷிப்ட் முடிந்து களைத்த உடம்போடு இழுத்து வெளியே எடுக்க முடியுமா என்பதுதான் உங்களுக்கு உண்மையான பரீட்சை.

எதை எடுத்தாலும் முதல் நாளே பழகவேண்டியது: ஹேண்டல் நேராக இருக்கும்போது மட்டும் நிறுத்துங்கள். திரும்பிய நிலையில் முன் பிரேக்கைப் பிடித்தால், திரும்பியிருக்கும் பக்கமாகவே மோட்டார் சாய்ந்து விழும். எவ்வளவு பலமான கையாக இருந்தாலும் தாங்காது. ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் விட்டுவிட்டு விலகுங்கள். வண்டியில் வரும் கீறலை ஆற்றிக்கொள்ளலாம், அடியில் மாட்டிக்கொண்ட காலை அப்படி ஆற்ற முடியாது.

---

ஜெலுத்தோங்_ஸ்பேனர்:

அக்கா உயரத்தைச் சொல்லிட்டாங்க. நான் கியர் பக்கம் வர்றேன்.

தங்கச்சி, மூணும் மூணு விதம். வேவ் கப்சாய் (சின்ன கியர் வண்டி): கியர் காலில், கிளட்ச் தானா இயங்கும். ஒய்15: கையால் கிளட்ச் பிடிக்கணும். வேரியோ: கியரே கிடையாது, பெல்ட்டில் ஓடும். "பொம்பளைக்கு ஸ்கூட்டர்" என்பதில் ஒரு காரணமும் இல்லை. குட்டையான காலுக்கு ஸ்கூட்டரில் உண்மையான லாபம் ஒன்று இருக்கு, அதை யாரும் சொல்வதில்லை: பிரேக் இரண்டும் கையில். அதனால் எந்தக் காலை வேணும்னாலும் ஊன்றலாம். கப்சாயில் பின் பிரேக் வலது காலில் இருப்பதால் இடது காலைத்தான் ஊன்றணும், அதுவும் அக்கா சொன்ன அந்தச் சரிவுப் பக்கம்.

ஸ்கூட்டரில் ஜாக்கிரதையா இருக்க வேண்டியது திராட்டில் (வலது கையால் திருகுற ஆக்சிலேட்டர்). எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போது இறங்கித் தள்ளாதீங்க. பிடி நழுவாம இருக்கணும்னு கை இறுக்கும்போது திராட்டிலும் சேர்ந்து திரும்பும், வண்டி உங்களை இழுத்துக்கிட்டே போகும், பயத்தில் கை இன்னும் இறுகும். தள்ளுறதுன்னா முதலில் அணை. இதைப் பழக்கமாக்கிக்குங்க.

கப்சாயில் புதுசா ஓட்டுறவங்க செய்ற தப்பு வேற. குதிகாலால் மிதிச்சுக் கியர் குறைக்கும்போது, மிதி அழுந்தியிருக்கிற வரைக்கும் கிளட்ச் விலகியிருக்கும். காலை எடுத்ததும் பட்டுன்னு பிடிக்கும். வேகத்தில் நாலிலிருந்து இரண்டுக்கு இறக்கிக் காலை எடுத்தா பின் டயர் ஒரு நொடி இறுகி வழுக்கும், மழையில் இன்னும் மோசம். ஒவ்வொரு கியரா இறக்குங்க. மிதியை விடும்போது திராட்டிலைத் துளி கொடுங்க, ஆட்டமே இருக்காது. வெறும் பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் பழகினா போதும்.

ஒய்15 நல்ல வண்டிதான், ஆனா உங்க முதல் வண்டியா நான் அதைச் சொல்ல மாட்டேன். வேகத்துக்காகச் சொல்லலை. ஜாமில் கிளட்ச் பிடிக்கிற இடது கை, எட்டாத இடது கால், பாலத்துக் காற்று மூணையும் ஒரே மாசத்தில் கத்துக்கிறது கஷ்டம். திருடர்கள் கண்ணும் அந்த மாதிரி வண்டி மேலதான் இருக்கும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தா திருட்டுக்கு ஒரு சென் வராது, முழுக் காப்புறுதிக்குப் பணம் கூடும். அந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்க.

இப்போ உங்க ஓட்டத்துக்குச் செலவு. மாசம் 22 நாள் வேலைன்னா 1,100 கிலோமீட்டர். கப்சாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் சுத்தி வரும். எஞ்சின் ஆயில் 800 மில்லி, இரண்டரை மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. மழையில் நனைஞ்சா அன்னைக்கே. செயின் நடுவில் விரலால் தூக்கினா 25-லிருந்து 35 மி.மீ. ஆடணும். ரொம்ப இறுக்கினா பேரிங் போகும், ரொம்பத் தளர்ந்தா ஸ்ப்ராக்கெட்டை (பல்சக்கரத்தை) விட்டுக் கழன்று விழும். காற்று முன்னால் 29, பின்னால் 33 பிஎஸ்ஐ. வாரம் ஒரு தடவை, டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பாருங்க.

வேரியோவில் செயின் வேலை இல்லை. ஆனா பெல்ட் 24,000 கிலோமீட்டரை ஒட்டி மாத்தணும், உங்க ஓட்டத்துக்கு இரண்டு வருஷம்கூட வராது. கியர் ஆயில் 120 மில்லி தனி. வெள்ளத்தில் இறக்கினா பெல்ட் பெட்டிக்குள்ள தண்ணி போய் பெல்ட் வழுக்கும், திராட்டில் திருகினாலும் வண்டி நகராது. கணுக்கால் அளவுத் தண்ணியை கப்சாய் சமாளிக்கும். குழிக்கும் அப்படித்தான்: 17 அங்குல சக்கரம் ஏறி இறங்கும், 14 அங்குலம் விழுந்து எழும்.

என் முடிவு: வேவ், முன்னால் டிஸ்க் உள்ள வகை. ஹோண்டாவோட இன்னொரு கப்சாயான இஎக்ஸ்5 உழைப்புக்குப் பேர்போனதுதான், ஆனா முன்னால் டிரம் பிரேக். தினமும் பாலம் ஏறுற ஆளுக்கு டிஸ்க் வேணும்.

---

பாலக்காற்று:

ஸ்பேனர் அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. 13.5 கிலோமீட்டர் பாலம், அதில் எட்டு கிலோமீட்டருக்கு மேல் கடல்மேல். அங்கே 48 கிலோ ஆளும் நூறு கிலோவுக்குக் குறைந்த மோட்டாரும் சேர்ந்தால் காற்று நன்றாகவே தள்ளும். தினமும் பாலம் என்றால் 131 கிலோ என்மேக்ஸ் நிதானமாக நிற்கும், அதில் ஏபிஎஸ் (அவசரமாகப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் தடுப்பது) இருக்கிறது. எடை கூடினால் பார்க்கிங்கில் கஷ்டம், குறைந்தால் பாலத்தில் கஷ்டம். இதில் எதைத் தாங்கிக்கொள்வீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்லணும், கயல். கால் எட்டவில்லை என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதில் அக்கா பக்கம்தான் நான்.

ஏபிஎஸ் பற்றி ஒன்று. 2025 ஜனவரியிலிருந்து 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார்களுக்கு அது கட்டாயம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஒய்15-இன் எஞ்சின் 149.7 சிசி, அந்தக் கோட்டுக்கு மயிரிழை கீழே. "150 வண்டிதானே, இருக்கும்" என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், நீங்கள் எடுக்கப்போகும் அந்த வண்டியிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். சாலை வரியும் 150-ஐத் தாண்டினால் 30 வெள்ளி, 200-ஐத் தாண்டினால் 50. அதற்காக மனசை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

காற்றில் ஓட்டுவது எப்படி என்றால், ஹேண்டலை இறுக்கவே கூடாது. இறுக்கினால் உடம்பில் படும் காற்று கை வழியாக ஹேண்டலுக்குப் போய் மோட்டார் ஆடும். முழங்கையைத் தளர்த்தி, வேகத்தை 60, 70-க்குக் குறைத்து, மோட்டார் பாதையின் நடுவில் போங்கள். வலப்பக்கம் பெரிய லோரி கடக்கும்போது முதலில் வெளியே தள்ளும், முன்பகுதி தாண்டியதும் உள்ளே இழுக்கும். இரண்டும் வரும் என்று தெரிந்திருந்தால் பதறி எதிர்ப்பக்கம் திருப்ப மாட்டீர்கள். பாலத்தின் குறுக்கே உள்ள இரும்பு இணைப்புகள் மழையில் சோப்பு தடவினதுபோல் இருக்கும். அவற்றை நேராகக் கடக்கணும், மேலே இருக்கும்போது பிரேக்கும் கூடாது, சாய்வும் கூடாது.

மழைக்கோட்டு சட்டையும் காற்சட்டையும் தனித்தனியாக உள்ளதாக வாங்குங்கள். போர்வை மாதிரி மேலே போடுவது காற்றில் பாய்மரம்போல் விரியும், நுனி சக்கரத்திலும் சிக்கும். துப்பட்டா, தொங்கும் பை வார் எல்லாம் அப்படியே. கப்சாயின் செயின் பெட்டி மூடியிருந்தாலும் பின் சக்கரக் கம்பிகள் திறந்துதான் இருக்கின்றன. துப்பட்டாவை மடித்துச் சீட்டுக்கு அடியில் வையுங்கள், வேலையிடத்தில் போட்டுக்கொள்ளலாம். ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். விழுந்தால் அது முதுகில் திறந்துகொள்ளும், முழங்கைக்கும் நிற்காது. நேராகப் போட்டு ஜிப்பை மூடுங்கள்.

முதல் இரண்டு வாரம் பாலமே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகு மோட்டாரை ஏற்றும், 2021-இலிருந்து அதில் கார்களுக்கு இடமில்லை. ஜார்ஜ் டவுனில் இறங்கி ஜெலுத்தோங் வழியாக பாயான் லெப்பாஸ் போகலாம். நேரம் கூடும், ஆனால் கை பழகும். பிறகு ஒரு ஞாயிறு காலை, காற்றும் லோரியும் குறைவாக இருக்கும்போது பாலத்தை முதல் தடவை கடந்து பாருங்கள். மோட்டாருக்கு 2019 ஜனவரி முதல் டோல் கிடையாது, இரண்டு தடவை போய் வந்தாலும் பெட்ரோல் செலவு மட்டும்தான்.

---

பிறை_கயல்:

மூவருக்கும் ரொம்ப நன்றி. புத்தகம் வைத்து அளந்தேன், 69.5 வந்தது. இரண்டு சந்தேகம். ஒய்15-க்கு ஷாக்கைத் தாழ்த்தித் தருகிறோம், கால் எட்டும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். சரிதானா? இன்னொன்று, பழைய வேவ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. போய்ப் பார்க்கும்போது எதைப் பார்க்கணும்?

---

ஜெலுத்தோங்_ஸ்பேனர்:

தாழ்த்தாதீங்க தங்கச்சி. பின்னால் மட்டும் தாழ்த்தினா முன்பக்கம் தூக்கி நிற்கும், ஹேண்டல் மந்தமாகும். வேகத்தடையில் எஞ்சின் அடி உரசும். சைடு ஸ்டாண்டு அதே நீளம்தானே, தாழ்ந்த வண்டியில் அது நீளமாகிடும். வண்டி நிமிர்ந்தே நிற்கும், லேசாக் காற்றடிச்சாலும் வலப்பக்கம் சாயும். உயரத்தைக் குறைக்கணும்னா சீட் தைக்கிறவர்கிட்ட கொடுத்து ஸ்பாஞ்சை ஓரத்தில் ஒடுக்கி, மேலே இரண்டு சென்டிமீட்டர் சீவச் சொல்லுங்க. தாழ்வா ஆகுறதை விட ஒடுக்கமா ஆகுறதுதான் காலுக்கு உதவும். பழைய ஸ்பாஞ்சை வாங்கி வெச்சுக்குங்க. இரண்டு சென்டிமீட்டர் தடித்த அடி உள்ள, கணுக்காலை மூடுற காலணியும் வாங்குங்க. சிலிப்பர் வேண்டவே வேண்டாம், கப்சாய் கியர் மிதியில் விரல் கிழியும்.

பழைய வண்டின்னா, போறதுக்கு முன்னாடி எஞ்சினை ஓட்டி வைக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, குளிர்ந்த எஞ்சின் கிளம்புறதைக் காட்ட அவங்களுக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தம், இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லுங்க. கிளம்பும்போது நீலப் புகை வந்தா ஆயில் எரியுது, ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கும். நடு ஸ்டாண்டில் வெச்சு, ஒருத்தரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்க. ஹேண்டலை மெதுவா இடம் வலம் திருப்புங்க. நடுவில் 'டக்'குன்னு ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தா ஸ்டியரிங் பேரிங் தேஞ்சிருக்கு. பின் சக்கரத்தைப் பிடிச்சுப் பக்கவாட்டில் ஆட்டுங்க, ஆடவே கூடாது. ஸ்ப்ராக்கெட் பல் சுறாமீன் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாஞ்சிருந்தா செயினோட சேர்த்து மாத்தணும்.

டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செஞ்சது. பூ (டயர் மேல் இருக்கிற வரிப்பள்ளம்) நல்லா இருந்தாலும் அந்த வயசில் ரப்பர் காய்ஞ்சு மழையில் பிடிக்காது, விலையில் இரண்டு டயரைக் கழிச்சுப் பேசுங்க. பிரேக் லிவர் நுனி, ஹேண்டல் முனை, கால் மிதி மூணும் ஒரே பக்கம் தேஞ்சிருந்தா அந்தப் பக்கம் விழுந்த வண்டி. காலியான நேர் சாலையில் 30-இல் போய்ப் பிடியைத் தளர்த்துங்க. ஒரு பக்கம் இழுத்தா போர்க் (முன் சக்கரத்தைத் தாங்குற கவை) வளைஞ்சிருக்கலாம், விட்டுட்டு வந்துடுங்க.

கிராண்டில் (வண்டி உரிமைப் பத்திரத்தில்) உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். சுரண்டின தடம் தெரிஞ்சா பேச்சே வேண்டாம். கடன் பாக்கி, சம்மன் (போக்குவரத்து அபராதம்) பாக்கி கேளுங்க. பெயர் மாத்துறதை விக்கிறவரும் வாங்குறவரும் சேர்ந்து ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) மூலம் முடிக்கணும். "கிராண்டை அப்புறம் தர்றேன்"னா காசையும் அப்புறம் தர்றேன்னு சொல்லுங்க.

உங்களுக்குப் பணம் இருக்கு, கடனும் இல்லை. புது வேவ் எடுத்துட்டு மீதியை உடம்புக்குச் செலவு பண்ணுங்கன்னுதான் சொல்வேன்.

---

பட்டர்வொர்த்_அக்கா:

அந்த மீதியில் முதலில் ஹெல்மெட். புருவத்துக்கு மேல் விரல் அகலம் விட்டு, தலையின் பின்மேட்டைச் சுற்றித் தையல் நாடாவால் அளந்துகொண்டு போங்கள். சிரிம் என்ற மலேசியத் தர முத்திரை ஒட்டியுள்ளதைத்தான் வாங்கணும். போட்டு வாரைக் கட்டிய பிறகு தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து ஆடணும். பின்னாலிருந்து மேலே தள்ளினால் கழன்று வரக்கூடாது. கொண்டை போட்டுக்கொண்டு அளவு பார்க்காதீர்கள், ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுவீர்கள். கழுத்துக்குக் கீழே தாழப் பின்னி, பின்னலை ஜாக்கெட்டுக்குள் விடுங்கள். ஹெல்மெட் கண்ணாடி நிறமில்லாமல் இருக்கட்டும், உங்களுக்கு ராத்திரி ஷிப்ட் உண்டு.

வண்டி எடுக்கும் அன்று கடையிலேயே பிரேக் லிவரின் கோணத்தை மாற்றச் சொல்லுங்கள். உட்கார்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு மடங்காமல் விரல் நேராக லிவர்மேல் விழணும். கடையில் வைத்திருக்கும் கோணம் உங்களைவிட உயரமானவருக்கு. பக்கக் கண்ணாடி இரண்டையும் தோள் ஓரம் மட்டும் தெரியும்படி வெளியே திருப்பிக்கொள்ளுங்கள், குட்டைக் கண்ணாடிக்கு மாற்ற வேண்டாம்.

பிறகு காலியான இடத்தில் 30-இல் வந்து, முன் பிரேக்கைப் பிழிந்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து நிறுத்திப் பழகுங்கள். கையைப் பட்டென்று மூடாமல், எலுமிச்சை பிழிவதுபோல் கூட்டிக்கொண்டே போகணும். பத்துத் தடவை செய்து, ஒவ்வொரு தடவையும் எங்கே நிற்கிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும், முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவில் சாய்க்காதீர்கள், ஈரத்தில் இன்னும் மெதுவாக.